கீழ்வீட்டுக் கணினியில் இன்னும் 2009

மாடியிலிருந்து தவமணி கத்துகிறான்: "பிங் அடிச்சியா?"
அடித்தேன்.
நான்கு முறை கூப்பிட்டேன், நான்கு முறையும் பதில் வந்தது,
ஒரு மில்லிசெகண்டுக்குள்.
ஆள் உள்ளேதான் இருக்கிறது.
கதவைத்தான் திறக்கவில்லை.

கோவில்வெண்ணி வளைவில் வண்டியோடு சாய்ந்து
மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டி
மடிக்கணினியோடு அவன் மேலே.
ஸ்கேனரோடும் பழைய கணினியோடும்
பூவனூர்க்காரர் ஏழு பேரோடும் நான் கீழே.
சம்பா இன்சூரன்ஸுக்கு நாளை கடைசி நாள்.
சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக்:
ஆளுக்கு நான்காக இருபத்தெட்டுப் படங்கள்
ஒரு ஃபோல்டரில் படுத்திருக்கின்றன.
பதினாறு படி ஏறத் தெரியவில்லை அவற்றுக்கு.

வெளியே மழை. நீடாமங்கலம் கேட் மூடி முக்கால் மணி நேரம்.
அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட மெக்கானிக் பையன்
எஞ்சின் இரைச்சலுக்கு மேல் போனில் கத்துகிறான்:
"அக்கா, நெட்வொர்க் பப்ளிக்னு இருக்கா, பிரைவேட்னு இருக்கா?"
பப்ளிக்.
ஆறு வருஷமாக இந்தக் கூடத்தை
பஸ் ஸ்டாண்டு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.
சுற்றிலும் பார்த்தேன். குடைகள், மஞ்சள் பைகள்,
பெஞ்சில் ஒருவர் தூக்கம்.
அதைக் குற்றம் சொல்ல முடியாது.

மாற்றினேன். ஒர்க்குரூப் பெயரில்
எவனோ ஓர் எழுத்தை விழுங்கியிருந்தான்.
நான்தான். திருத்தினேன்.
"தெரியுது! தெரியுது!" மேலே குதூகலம்.
பிறகு, "பாஸ்வேர்ட் கேக்குது."

காத்தமுத்து கேட்டார்:
"ஏம்மா, எங்களுக்கு எதுன்னாலும் மேலேருந்துதான் வரணும்.
இங்க என்ன, கீழேருந்து மேலே போவணுமா?"
யாரும் சிரிக்கவில்லை, அவர் உட்பட.

"பாஸ்வேர்ட் என்னடி?"
எழுதி அனுப்பலாம். போன் பையனிடம் மாட்டியிருக்கிறது.
மாடிப்படியில் நின்று, முழுச் சத்தத்தில் சொன்னேன்:
"வெல்லக்கட்டி! எல்லாம் சின்ன எழுத்து. கடைசில பன்னெண்டு!"
ஏழு பேரும் உத்தரத்தை ஆராய்ந்தார்கள்.
தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துவிட்டார்.
மேலே கொஞ்சம் மௌனம்.
"தப்புங்குது."

அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன்.
2009, ஜனவரி ஒன்று, அதிகாலை மூன்று பத்து.
உள்ளே பொட்டு அளவு பேட்டரி செத்து எத்தனை நாளோ.
கரண்ட் போய்ப் போய் வர
ஒவ்வொரு தரமும் அதே இரவுக்குத் திரும்பிப் போயிருக்கிறது.
சொல் சரிதான். வருஷம்தான் தப்பு.
2009 ஜனவரியில் அந்தப் பெயர் வைக்கப்படவே இல்லை.
அவன் என்னை முதலில் பார்த்தது பன்னிரண்டில்,
வலங்கைமான் பாடைக்காவடி நெரிசலில்,
ஒற்றைச் செருப்போடு நான் நின்ற வெயிலில்.
அதற்கு முன்னால் கேட்டால்
யார் வெல்லக்கட்டி, எந்த வெல்லக்கட்டி?

கையால் தேதியைத் திருத்தினேன்.
இரண்டாம் தரமும் கத்தவேண்டியிருந்தது. இந்த முறை
பூவனூரே சேர்ந்து கத்தியிருக்கும், கேட்டிருந்தால்.
திறந்தது.
ஒன்று, ஆறு, பதினைந்து என்று பச்சைக் கோடு ஓடியது.
இருபத்து நான்கில் கரண்ட் போயிற்று.

மிச்சம் நான்கும் காத்தமுத்துவுடையவை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறி
மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு விளக்கு வந்தது.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பழையபடி 2009.
மெக்கானிக் பையன் இன்னும் வந்து சேரவில்லை.
கூட்டல் குறியை ஒரு தரம் அழுத்தினால் ஒரு வருஷம்.
பத்து. பதினொன்று.
"அதுல கொஞ்சம் நில்லும்மா," என்கிறார் தோளுக்குப் பின்னாலிருந்து.
"அந்த வருஷம் மூட்டை வைக்க இடமில்ல."
விரலை எடுத்துவிட்டேன்.
மேலே தவமணி என்னவோ கேட்கிறான்.
பன்னிரண்டு. பதின்மூன்று.
பதினெட்டு வந்தபோது
புயலில் போன தென்னைகளை எண்ணத் தொடங்குகிறார்.
நான் வேகமாக அழுத்துகிறேன்.